பெட்டி கட்டும் முன்பு

வெளிநாட்டில் படிக்க முதன்முறையாகக் கிளம்பும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் உதாரணம் சொல்லும் இடத்தில் எந்த நாட்டு விதி என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: தேர்வு முடிந்து சேர்க்கைக் கடிதமும் வந்துவிட்டது. வகுப்பு தொடங்க மூன்று மாதம் இருக்கிறது. வீட்டில் எல்லோரும் பெட்டி, குளிர் உடை என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பெட்டி கடைசி வாரத்து வேலை. செய்ய வேண்டியவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக, 'இதற்கு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?' என்று குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், விசா, வங்கி ஆவணங்கள், தடுப்பூசி, பல் சிகிச்சை ஆகியவை அந்தத் தாளின் மேல் பக்கத்துக்கு வந்துவிடும். எவ்வளவு அலைந்தாலும் இவற்றை ஓர் அளவுக்கு மேல் வேகப்படுத்த முடியாது. இவை முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டியவை. கடைக்குப் போய் வாங்குவதெல்லாம் ஒரே நாளில் முடியும். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. இரண்டு மாதம் பொருள் வாங்கிவிட்டு, கடைசி மூன்று வாரத்தில் விசாவுக்கு ஓடுகிறார்கள்.

பாஸ்போர்ட்டில் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். படிப்பு முடியும்வரை செல்லுபடியாகுமா? இடையில் காலாவதியாகும் என்றால், அங்கே போய்த் தூதரகத்தில் புதுப்பிக்க முடியும்தான். ஆனால் விசா ஒட்டப்பட்டிருப்பது பழைய புத்தகத்தில் என்பதால் பயணத்தின்போது இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டிவரும். பிரிட்டனைப்போல இ-விசா (பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் இணையத்தில் பதிவாகும் விசா) தரும் நாட்டில், புதிய பாஸ்போர்ட் எண்ணை ஆன்லைன் கணக்கில் மாற்றாவிட்டால் விமான நிலையத்திலேயே நிறுத்தப்படலாம். அவகாசம் இருந்தால் கிளம்புவதற்கு முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது. விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு மட்டும் பாஸ்போர்ட்டை மாற்றாதீர்கள்.

அடுத்தது பெயர். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, சேர்க்கைக் கடிதத்தில் மூன்றாவது மாதிரி இருந்தால், மற்ற எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் திருத்திய கடிதம் கிடைக்கும். விமானச் சீட்டிலும் அதே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அங்கே போனபின் வங்கி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துகள் கூடவே வரக்கூடும். பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துப் போட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள் விசாவுக்கு முன்பே அதைச் செய்துகொள்ள வேண்டும்.

விசாவில் நாட்களின் கணக்குதான் பலரைச் சறுக்கவைக்கிறது. பிரிட்டனுக்கு வகுப்பு தொடங்கும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். பண ஆதாரம் காட்ட வேண்டியவர்களின் கணக்கில் அந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். அந்த 28 நாள் முடியும் தேதி, விண்ணப்பத் தேதிக்கு 31 நாளுக்கு முன்னதாகப் போய்விடவும் கூடாது. இடையில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தால்கூட எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை, காப்பீட்டுப் பிடித்தம் எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அமெரிக்காவுக்கு, பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காக அனுப்பும் ஐ-20 படிவம் கைக்கு வந்து, செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு அமைப்பு) கட்டணம் செலுத்தி, டி.எஸ்-160 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவம் நிரப்பியபின் நேர்காணல். எஃப்-1 எனப்படும் மாணவர் விசா கையில் இருந்தாலும் ஐ-20-ல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாளுக்கு முன்னால் புது மாணவர் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. சீக்கிரம் போய் ஊர் பார்க்கலாம் என்று சீட்டு எடுத்துவிட்டு இதில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

விசா வரும்வரை, தேதி மாற்ற முடியாத, பணம் திரும்பாத சீட்டை வாங்க வேண்டாம்.

கேள்வி: மகளின் பல்கலைக்கழகம் தடுப்பூசிப் படிவம் ஒன்று அனுப்பியிருக்கிறது. சின்ன வயதில் போட்ட ஊசிகளுக்கான அட்டை கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ்-பி ஆகியவற்றுக்கு எதிர்ப்புசக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அந்த அறிக்கையை ஏற்றுக்கொள்கின்றன. எதிர்ப்புசக்தி இல்லாதவற்றுக்கு மட்டும் ஊசி போட்டால் போதும்.

ஊசிகளுக்கு இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) இரண்டு தவணை, இடையில் குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். ஹெபடைடிஸ்-பி வழக்கமாக மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மூன்று மாத விடுமுறைக்குள் இது முடியாது. இரண்டை இங்கே போட்டுக்கொண்டு, மூன்றாவதை அங்குள்ள மாணவர் மருத்துவமனையில் போடலாம் என்று திட்டமிடுங்கள். எம்.எம்.ஆர்., சின்னம்மை ஊசி இரண்டும் உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவை. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். தவறினால் அடுத்ததற்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். நாலு நாள் தள்ளிப் போட்டால் இரண்டாவது ஊசி கணக்கில் சேராது.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வரிசை உண்டு. எம்.எம்.ஆர். போட்ட உடனே தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை சரியான முடிவைக் காட்டாமல் போகலாம். ஊசி போடும் அதே நாளில் செய்யுங்கள், அல்லது நாலு வாரம் கழித்துச் செய்யுங்கள். குழந்தையில் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தோல் பரிசோதனை, நோய் இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டக்கூடும். அவர்களுக்கு ரத்தத்தில் செய்யும் 'இக்ரா' பரிசோதனையே பொருத்தம். பல்கலைக்கழகம் அதை ஏற்குமா என்று படிவத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் தங்கப்போகிறவர் என்றால் மூளைக்காய்ச்சலுக்கான மெனிங்கோகாக்கல் தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம். நெருக்கமாக ஒன்றாக வாழும் இடங்களில் அந்தத் தொற்று வேகமாகப் பரவும். ஏ, சி, டபிள்யூ, ஒய் என்ற நான்கு வகைகளுக்கும் சேர்த்துப் போடும் ஊசியைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தடுப்பூசிப் படிவம் முழுமையாகாவிட்டால் பாடப் பதிவையே நிறுத்திவைத்துவிடுவார்கள். அதனால் இதைச் சாதாரணக் காகித வேலையாக நினைக்காதீர்கள்.

இதே மாதத்தில் பல் மருத்துவரையும் கண் மருத்துவரையும் பார்த்துவிடுங்கள். மாணவர் காப்பீடுகள் பலவற்றில் பல்லும் கண்ணாடியும் சேராது. ரூட் கெனால் என்றால் இரண்டு மூன்று முறை போக வேண்டியிருக்கும். அதற்குமேல் மூடி பொருத்த வேண்டும். கிளம்பும் வாரத்தில் தொடங்கினால் பாதியில் நிற்கும். கண்ணாடி இரண்டு ஜோடி வேண்டும். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். அந்த அளவு இல்லாமல் ஆன்லைனில் கண்ணாடி வாங்குவது சிரமம்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. இன்ஹேலரும் சில மாத்திரைகளும் எப்போதும் வேண்டும். எவ்வளவு கொண்டுபோகலாம்?

பதில்: எவ்வளவு என்பதைப் போகும் நாடு தீர்மானிக்கிறது. அந்த நாட்டுச் சுங்கத்துறை அல்லது சுகாதாரத்துறை இணையதளத்தில், உங்கள் மருந்துகளின் வேதிப்பெயரைப் போட்டுத் தேடுங்கள். கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அது உதவாது. ஜப்பானில் சாதாரணச் சளி மாத்திரைகளில் இருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொண்டுபோகவே தடை. கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகளுக்கு அங்கே மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதி இல்லை. மற்ற மருந்துச்சீட்டு மருந்துகளிலும் ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். கோடீன், டிராமடால் உள்ள வலி மாத்திரைகளைப் பல நாடுகள் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பார்க்கின்றன.

எந்த நாடானாலும் மருந்து அதன் அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். இடம் மிச்சம் என்று பிரித்து டப்பாவில் போட்டால், அது என்ன மாத்திரை என்று நிரூபிக்க வழியில்லை. நோயின் பெயர், மருந்தின் வேதிப்பெயர், ஒரு நாளைய அளவு மூன்றும் உள்ள தட்டச்சுக் கடிதத்தை மருத்துவரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள். இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலின் போடுபவர்களும் அப்படியே செய்ய வேண்டும். விமானத்தின் சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்தால் பயன்படாது.

கேள்வி: 23 கிலோவில் இரண்டு பெட்டி அனுமதி. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: முதலில் காலிப் பெட்டியை எடை பாருங்கள். கடினமான பெரிய பெட்டியே 4, 5 கிலோ இருக்கும். அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது 18 கிலோதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி; இந்த அளவில் சக்கரமும் கைப்பிடியும் சேரும். கூடுதல் எடைக்குப் பணம் கட்டத் தயாராக இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்காது. தூக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக வைத்த வரம்பு அது. இரண்டு விமானங்களைத் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், இரண்டில் எது குறைந்த அனுமதியோ அதற்கேற்பக் கட்டுங்கள்.

எடையைத் தின்பவை மூன்று: புத்தகம், காலணி, படுக்கை விரிப்பு. பாடப்புத்தகம் பெரும்பாலும் அங்கே நூலகத்திலோ மின்நூலாகவோ கிடைக்கும். காலணியில் கனமானதைப் போட்டுக்கொண்டு கிளம்புங்கள், இன்னொரு ஜோடி பெட்டிக்குள் போதும். படுக்கை விரிப்பைக் கொண்டுபோவதற்கு முன் கட்டிலின் அளவைக் கேளுங்கள். அமெரிக்க விடுதிக் கட்டில்கள் பல 'ட்வின் எக்ஸ்எல்' எனப்படும் 38-க்கு 80 அங்குலம். பிரிட்டனில் ஒற்றைக் கட்டில் 90-க்கு 190 சென்டிமீட்டர். ஓர் அளவுக்குத் தைத்தது இன்னொன்றில் பொருந்தாது. முதல் இரண்டு இரவுக்கு ஒரு மெல்லிய போர்வையும் துண்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

குளிர் உடையைப் பற்றி எங்கள் கருத்து இது: கடுங்குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் தடிமனான மேலங்கியை அங்கே வாங்குவதே மேல். அந்த ஊர்க் குளிருக்கும் காற்றுக்கும் மழைக்கும் ஏற்றது அந்த ஊர்க் கடையில்தான் இருக்கும். இங்கிருந்து உள்ளே போடும் வெப்ப உடை இரண்டு ஜோடி, ஒரு நடுத்தர ஜாக்கெட், கையுறை எடுத்துக்கொண்டால் முதல் மாதம் ஓடிவிடும். குளிர்காலத்தின் நடுவில் போய் இறங்குகிறவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் மேலங்கியைப் போட்டுக்கொண்டே விமானம் ஏற வேண்டும்.

சரக்கறைக்குப் போகும் பெட்டியில் பவர் பேங்க், தனி லித்தியம் பேட்டரி வைக்கவே கூடாது. தீப்பிடித்தால் அங்கே அணைக்க ஆளில்லை. கைப்பையிலும் அளவு உண்டு. 100 வாட்-அவர்வரை (பேட்டரியில் சேரும் மின்சக்தியின் அளவு) அனுமதி, 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு. வாட்-அவர் எழுதியிருக்காவிட்டால் எம்.ஏ.எச். எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-அவர். எண்கள் அழிந்துபோன பழைய பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பறித்துக்கொள்வார்கள்.

பெட்டி வராமல் போகும் நாளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் மாற்றுடை, மருந்து, மடிக்கணினி, சார்ஜர், எல்லா அசல் ஆவணங்களும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டிக்குள்ளேயும் பெயர், போகும் முகவரி எழுதிய தாள் ஒன்றை வையுங்கள், வெளிச்சீட்டு கிழிவது சாதாரணம். மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதைப் படம் எடுத்துவைத்தால், தொலைந்துபோனால் இழப்பீடு கேட்க உதவும்.

சாப்பாட்டுப் பொருள் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் விதை, பழம், இறைச்சி, தேன், மரப்பொருள் எல்லாவற்றிலும் கண்டிப்பானவை. சந்தேகம் இருந்தால் படிவத்தில் 'உண்டு' என்று குறித்துவிடுங்கள். குறித்துக் காட்டினால் அதிகபட்சம் பொருளை எடுத்துக்கொள்வார்கள். குறிக்காமல் பிடிபட்டால் அபராதம். விசாவே ரத்தாகும் வாய்ப்பும் உண்டு.

கேள்வி: உலகம் முழுவதற்குமான ஓர் அடாப்டர் வாங்கினால் எல்லாக் கருவிகளையும் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டும் மாற்றும். மின்னழுத்தத்தை மாற்றாது. சார்ஜரின் பின்னால் '100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்று இருந்தால் எங்கும் போடலாம். மடிக்கணினி, ஃபோன் சார்ஜர்கள் அநேகமாக அப்படித்தான் இருக்கும். இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி, மின்கெட்டில் போன்ற சூடாக்கும் கருவிகள் அப்படியல்ல. 230 வோல்ட்டுக்குச் செய்த கெட்டிலை அமெரிக்காவின் 120 வோல்ட்டில் போட்டால் கால்பங்கு சக்தியில்தான் வேலை செய்யும், தண்ணீர் கொதிக்க நெடுநேரம் ஆகும். 120-க்குச் செய்ததை 230-ல் போட்டால் நாலு மடங்கு சக்தி இழுத்துக் கருகிவிடும். சூடாக்கும் எதையும் கொண்டுபோக வேண்டாம். விடுதிகள் பலவற்றில் அவற்றுக்குத் தடையும் இருக்கிறது.

கேள்வி: கையில் எவ்வளவு பணம் கொடுத்து அனுப்புவது? அங்கே வங்கிக் கணக்கு உடனே திறந்துவிட முடியுமா?

பதில்: உடனே முடியாது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தமோ பல்கலைக்கழகக் கடிதமோ வேண்டும். ஜெர்மனியில் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது தனி வேலை. இதெல்லாம் முடிய நாலைந்து வாரம் ஆகலாம். அதுவரை இங்கிருந்து கொண்டுபோகும் கார்டுதான் துணை. வெவ்வேறு நிறுவனத்தின் இரண்டு கார்டுகள் இருக்கட்டும். இரண்டையும் ஒரே பர்ஸில் வைக்க வேண்டாம். வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா, நாள் வரம்பு எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் வங்கியில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஏ.டி.எம்.மோ கடையோ 'உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டம்.

ரொக்கம் ஒரு வாரச் செலவுக்கு இருந்தால் போதும். பெரிய தொகை கொண்டுபோகத் தடையில்லை. ஆனால் அமெரிக்காவுக்குள் 10,000 டாலருக்கு மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்கு மேலோ கொண்டுபோனால் சுங்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

முதல் மாதச் செலவு அடுத்த மாதங்களைவிட மிக அதிகமாக இருக்கும் என்பதைப் பெற்றோர் மனதில் வையுங்கள். வாடகையும் அட்வான்ஸும் ஒன்றாக வரும். இங்கிலாந்தில் அட்வான்ஸ் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க முடியாது. ஜெர்மனியில் மின்சாரம், சூடேற்றல் சேராத வாடகையில் மூன்று மாத அளவுதான் உச்சவரம்பு. அதற்கு மேல் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

இன்னொன்றைப் பலரும் விமானம் ஏறியபின்தான் உணர்கிறார்கள். வங்கியின் ஓ.டி.பி. பழைய ஃபோன் எண்ணுக்குத்தான் வரும். அந்த எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருங்கள். ஃபோனில் இரண்டாவது சிம்முக்கோ இ-சிம்முக்கோ இடம் இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய ஃபோனாக இருக்கக் கூடாது. மின்னஞ்சலின் இரட்டைப் பாதுகாப்புக்கான மாற்றுக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு வீடு பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வாடகையும் குறைவு. உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பதாகவும், அட்வான்ஸ் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றும், அதாவது குறைந்த வாடகை, நேரில் இல்லாத உரிமையாளர், தபாலில் சாவி ஆகியவை, மாணவர்களை ஏமாற்றுபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை. வீட்டுப் படங்களை இணையத்தில் படத் தேடலில் போட்டுப் பாருங்கள். வேறு ஊர் விளம்பரத்திலும் அதே படம் இருக்கலாம். முதல் பருவத்துக்கு விடுதிக்கே முயலுங்கள். அதற்கான கடைசித் தேதி பெரும்பாலும் விடுமுறையின் நடுவில் வந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் தங்குமிட அலுவலகத்துக்கு எழுதி, அவர்கள் சரிபார்த்த பட்டியலைக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குத் தற்காலிக இடம் எடுத்துக்கொண்டு, போய் நேரில் பார்த்தபின் பணம் கொடுங்கள்.

கேள்வி: மகனுக்கு அடுப்பு பற்றவைக்கவும் தெரியாது. ஒரு மாதத்தில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

பதில்: நிறையவே முடியும். இருபது வகை சமைக்கக் கற்றுக்கொடுப்பதைவிட ஐந்து வகையை முழுதாகச் செய்யப் பழக்குங்கள். முழுதாக என்றால் என்ன வாங்குவது என்று எழுதுவது முதல், வாங்கி வந்து, நறுக்கி, சமைத்து, பாத்திரம் கழுவி, மீதியை எடுத்துவைப்பதுவரை அவர் ஒருவரே செய்வது. முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நிற்கலாம். இரண்டாவது வாரம் சமையலறைக்கே போகாதீர்கள். மூன்றாவது வாரம் ஏழு நாளுக்கான தொகையைக் கையில் கொடுத்து, அதற்குள் வாரத்தை ஓட்டச் சொல்லுங்கள். பணம் எந்த நாளில் தீர்கிறது என்பதை அவர் தாமே பார்க்க வேண்டும்.

வாய்ப்பிருந்தால் இண்டக்‌ஷன் அடுப்பில் பழகட்டும். காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சூடாகாது. மின்தட்டு அடுப்பு என்றால் அணைத்தபின்னும் பல நிமிடம் சூடு இருக்கும். விடுதிச் சமையலறையில் புகை உணரி இருக்கும். அதிகச் சூட்டில் எண்ணெய் புகைந்தாலே கட்டடம் முழுவதும் மணி அடித்து எல்லோரும் வெளியே நிற்க வேண்டிவரும். அதற்காக அந்த உணரியைத் துணியால் மூடுவது பெரிய குற்றம். மூடியைப் போட்டு, மிதமான சூட்டில், காற்றுப்போக்கியை ஓடவிட்டுச் சமைக்கக் கற்றுக்கொடுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும்.

வாரத்துக்கு ஒருமுறை சமைத்து வைப்பவர்களுக்கு வயிறு கெடுவது இங்கேதான்: சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் சாப்பிட வேண்டும். சாதம், பாஸ்தா இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் வளரும் ஒரு கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெளியே கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

துவைப்பதில் நாலு விஷயம் போதும். புதிய நிறத்துணியை முதல் இரண்டு முறை தனியாகப் போட வேண்டும். உலர்த்தும் இயந்திரத்துக்குள் கம்பளியோ வெப்ப உடையோ போனால் சுருங்கும், எனவே உடையில் உள்ள சதுரத்துக்குள் வட்டம் போட்ட குறி அடிக்கப்பட்டிருந்தால் அதைக் கயிற்றில்தான் காயவைக்க வேண்டும். சோப்புத்தூள் அதிகம் போட்டால் துணி சுத்தமாகாது, படிந்து ஒட்டும். பைகளைத் துழாவாமல் போடக் கூடாது.

கேள்வி: போவதற்கு முன்பே பாடங்களைப் படித்து வைக்க வேண்டுமா?

பதில்: முழுப் பாடத்தையும் வேண்டாம். முதல் பருவப் பாடத்திட்டத்தில் 'முன்பே தெரிந்திருக்க வேண்டியவை' என்று போட்டிருப்பதை மட்டும் சரிசெய்யுங்கள். கணிதமோ நிரலாக்கமோ, எது பலவீனமோ அது. அதைவிட அவசியம், மேற்கோள் காட்டும் முறை. படித்ததை ஆதாரம் குறிக்காமல் எழுதினால், சொற்களை மாற்றியிருந்தாலும், அது கருத்துத் திருட்டு. முன்பு ஒரு பாடத்துக்குக் கொடுத்த சொந்தக் கட்டுரையை இன்னொன்றுக்குக் கொடுப்பதும் அதில் சேரும். உங்கள் துறையில் எந்த முறை என்று பார்த்து, ஒரு நாலு பக்கக் கட்டுரை எழுதிப் பழகுங்கள். பல்கலைக்கழக மின்னஞ்சலை உடனே செயல்படுத்தி, வாரம் இருமுறையாவது திறந்து பாருங்கள். பாடப் பதிவுத் தேதி விடுமுறையிலேயே வரும், தவறினால் வேண்டிய பாடத்தில் இடம் இருக்காது.

கேள்வி: போகும் நாள் நெருங்க நெருங்கப் பயமாக இருக்கிறது. ஆசைப்பட்டுக் கேட்டது நான்தான் என்பதால் வீட்டில் சொல்லவும் முடியவில்லை.

பதில்: சொல்லுங்கள். ஆசையும் பயமும் ஒரே நேரத்தில் இருப்பதில் தவறே இல்லை; வீட்டாருக்கும் அதே பயம் இருக்கும். முன்பே மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ சிகிச்சை எடுத்தவர் என்றால், பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்துக்கு இப்போதே எழுதுங்கள். ஆலோசகரைப் பார்க்கக் காத்திருப்புப் பட்டியல் இருக்கலாம் என்பதால் போய்ச் சேர்ந்தபின் தேடுவது தாமதம். அறிமுக வாரத்தைத் தவறவிடாத மாதிரி சீட்டு எடுங்கள். எல்லோரும் புதிதாக இருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் பேச்சுக் கொடுப்பது மிகச் சுலபம்.

கேள்வி: கடைசி பத்து நாளில் பெற்றோர் செய்ய வேண்டியது என்ன?

பதில்: பிள்ளையின் கையெழுத்து தேவைப்படும் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். கல்விக் கடன், வங்கி நியமனதாரர், ஏதாவது சொத்து வேலை இருந்தால் அதிகாரப் பத்திரம். அங்கே போனபின் கையெழுத்திட்டால் தூதரகத்துக்கோ நோட்டரிக்கோ போய்ச் சான்று வாங்கி அனுப்ப வாரக்கணக்காகும். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு தரும் சான்று) கேட்டிருந்தால் அதையும் இங்கேயேதான் வாங்க முடியும், ஏனென்றால் சான்றிதழ் வழங்கிய நாடுதான் அந்த முத்திரையைப் போடும். அசல்கள் பிள்ளையிடமும் ஒரு நகல் கட்டு உங்களிடமும் இருக்கட்டும். எல்லாவற்றின் ஸ்கேனும் இருவரும் திறக்கக்கூடிய இணையச் சேமிப்பில் இருக்கட்டும். ஃபோனில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் குறித்துவையுங்கள், திருட்டுப் புகாருக்கு அது வேண்டும்.

கடைசி நாலு நாளில் தூங்கும் நேரத்தைத் தினமும் அரை மணியோ ஒரு மணியோ நகர்த்தச் சொல்லுங்கள். கிழக்கே போகிறவர் சீக்கிரமாகவும், மேற்கே போகிறவர் தாமதமாகவும் தூங்க வேண்டும். போய்ச் சேர்ந்தபின் உடல் பழக, ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். முதல் வாரம் பிள்ளை ஃபோனில் எரிச்சலாகப் பேசினால் பாதிக் காரணம் தூக்கம்தான்.

பேசும் நேரத்தை இப்போதே முடிவு செய்யுங்கள். ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். அன்று அழைப்பு வரவில்லை என்று பதற வேண்டாம்.

குடியேற்ற வரிசையில் ஃபோனில் சார்ஜ் இல்லாமல் போகலாம். சேர்க்கைக் கடிதம், பண ஆதாரம், தங்குமிட முகவரி, பல்கலைக்கழகத்தின் அவசரத் தொலைபேசி எண் நாலும் காகிதத்தில், கைப்பையின் மேலறையில் இருக்கட்டும். அமெரிக்காவுக்குப் போகிறவர் நுழைந்த சில நாளில் ஐ-94 எனப்படும் நுழைவுப் பதிவை இணையத்தில் எடுத்து, பெயரும் பிறந்த தேதியும் எஃப்-1 என்ற வகையும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் அந்த வாரமே காட்டித் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.